சென்னையில் நல்ல பீர் வேண்டுமா? பெயரை விடுங்கள், தேதியைப் பாருங்கள்

பெங்களூருவில் நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு சென்னைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வந்த சில நாளிலேயே என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இங்கே கிராஃப்ட் பீர், அதாவது சின்ன அளவில் ரசனையோடு காய்ச்சும் பீர், எங்கே நன்றாக இருக்கும்? வீடு பார்ப்பதற்கு முன்பே கேட்பவர்கள்கூட உண்டு. பதிலைத் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது. சென்னையில் பீர் வாங்கும் இடங்கள், குடிக்கும் இடங்கள், பக்கத்து ஊர்களில் போய்வரத் தகுந்தவை எல்லாவற்றையும் பற்றி என் மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் கசப்பான செய்தி. கண்ணெதிரே தொட்டியில் பீர் காய்ச்சி, அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கிற ப்ரூபப் சென்னையில் ஒன்றுகூடக் கிடையாது. தமிழ்நாட்டில் அதற்கு உரிமம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான் காரணம். ஆளில்லாமல் இல்லை, பணமில்லாமல் இல்லை, குடிக்க வருகிறவர்கள் இல்லாமலும் இல்லை. இங்கே பீர் எந்த வழியாக வந்தாலும் டாஸ்மாக் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது, 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் முழுதாக அதன் கைக்குப் போனது. மற்றபடி குடிக்க இடம் என்றால் எஃப்.எல்-2 உரிமம் வைத்திருக்கும் கிளப்புகள், எஃப்.எல்-3 உரிமம் வைத்திருக்கும் ஓட்டல்கள். அதனால்தான் சென்னையில் நல்ல பப் எதுவானாலும் ஏதாவது ஒரு ஓட்டலுக்குள் இருக்கிறது. தி.நகர் கென்சஸ் இன்னில் இருக்கும் டென் டவுனிங் ஸ்ட்ரீட், ரெசிடென்சி டவர்ஸில் இருக்கும் பைக் அண்ட் பேரல், நுங்கம்பாக்கம் தி பார்க் ஓட்டலின் லெதர் பார் என்று பல காலமாகப் பேர் சொல்லும் இடங்கள் எல்லாமே அப்படித்தான். தெருமுனையில் சின்னதாக ஒருவர் கடை போட்டு, தன் ரசனைக்கு நாலு வகை பீரைக் குழாயில் வைத்து விற்பது என்பதற்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

அப்படியென்றால் சென்னையில் நல்ல பீரே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் தேடும் விதம் வேறு. பெங்களூருவில் நீங்கள் காய்ச்சுகிறவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், சென்னையில் தேர்ந்தெடுக்க வேண்டியது தேதியை. நான் இந்த ஊரில் பீர் குடித்துத் தெரிந்துகொண்ட ஒரே பெரிய விஷயம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான் வரும். பத்து நாள் முன்பு நிரப்பிய சாதாரண லாகர் (கடையில் வழக்கமாகப் பார்க்கும் வெளிர் மஞ்சள் பீர்), ஐந்து மாதம் கிடந்த உயர்ந்த இறக்குமதி பீரைவிட நிச்சயமாக நன்றாக இருக்கும். மயிலாப்பூரில் காபிப்பொடியை ஏன் வாரத்துக்குக் கால் கிலோ என்று அரைத்து வாங்குகிறோம்? அதே காரணம்தான் பீருக்கும்.

டாஸ்மாக்கின் எலைட் கடைகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சென்னையில் பாட்டில் ஷாப் என்று சொல்லத் தகுந்தவை அவைதான். கம்பிக்குப் பின்னால் நின்று கையை நீட்டி வாங்கும் கடை வேறு, இது வேறு. மால்களிலும் சில பெரிய சாலைகளிலும் இருக்கும் இந்தக் கடைகளில் உள்ளே நடக்கலாம், அலமாரியிலிருந்து நாமே எடுத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் திருப்பி வைக்கலாம். கோயம்பேடு பக்கத்து மால் கடையில் 2023இல் தானியங்கி இயந்திரம்கூட வைத்தார்கள், அது பெரிய அரசியல் சண்டையாகப் போனது நினைவிருக்கும். எனக்கு இயந்திரத்தில் அக்கறை இல்லை. பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடிகிறது பாருங்கள், அதுதான் எலைட் கடையின் முழு மதிப்பு. பெண்கள் தயக்கமில்லாமல் வந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவதையும் இங்கேதான் பார்க்கிறேன், அது மிக நல்ல மாற்றம்.

எடுத்தவுடன் முன்பக்க லேபிளைப் பார்க்காதீர்கள். திருப்புங்கள். பின் லேபிளிலோ, கழுத்து லேபிளிலோ, டின் என்றால் அடிப்பக்கத்திலோ பேட்ச் எண்ணும் தயாரித்த தேதியும் சின்ன எழுத்தில் புள்ளிபுள்ளியாக அச்சடித்திருக்கும். பாட்டில் வியர்த்திருந்தால் விரலால் துடைத்தால்தான் தெரியும், சில சமயம் அந்த மையும் கூடவே அழிந்து வரும், அதனால் மெதுவாகத் துடையுங்கள். நம் ஊர் பாட்டில்களில் பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து 6 மாதம் வரை என்று போட்டிருப்பார்கள். அது ஆலைக்காரர்கள் போடும் கடைசிக் கெடு, சுவை உச்சத்தில் இருக்கும் காலம் அல்ல. என் கணக்கில் லாகர் என்றால் இரண்டு மாதத்துக்குள், கோதுமை பீர் என்றால் முடிந்தால் அதற்கும் குறைவாக, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை நம்பி நிற்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்றால் புதிதாக இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். கருப்பு ஸ்டவுட் மட்டும் கொஞ்சம் வயதைத் தாங்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். பீர்க்காரர்களிடம் ஒரு உத்தேசக் கணக்கு உண்டு, 3-30-300 என்பார்கள். 32 டிகிரி சூட்டில் 3 நாள் இருந்த பீரும், 22 டிகிரியில் 30 நாள் இருந்த பீரும், 3 டிகிரி குளிரில் 300 நாள் இருந்த பீரும் ஏறத்தாழ ஒரே அளவு பழசாகியிருக்கும். இப்போது சென்னையின் மே மாதத்தை யோசித்துப் பாருங்கள். ஆலையிலிருந்து கிளம்பி, லாரியில் ஏறி, கிடங்கில் இறங்கி, மறுபடி லாரியில் ஏறிக் கடைக்கு வருகிற அந்தப் பெட்டி வழியெல்லாம் 32 டிகிரிக்கு மேலேதான் இருக்கும். பீருக்குள் மிஞ்சியிருக்கும் துளி ஆக்சிஜன் இந்தச் சூட்டில் வேலையைக் காட்டும். முதலில் மணம் மங்கும், அப்புறம் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும், கடைசியில் ஒரு மந்தமான தித்திப்பு மட்டும் நாக்கில் தங்கும். நிறையப் பேர் இதைத்தான் பீரின் இயல்பான சுவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பீரின் சுவை இல்லை, பயணத்தின் சுவை.

அடுத்தது பாட்டிலின் நிறம். பழுப்பு பாட்டில் அழகாக இல்லை என்று ஒதுக்காதீர்கள், வெளிச்சத்தை அதுதான் தடுக்கிறது. பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் தடுக்காது. ஹாப்ஸின் கசப்புக்குக் காரணமான பொருள் வெயிலிலோ டியூப்லைட்டிலோ சிதைந்து கந்தக வாடை அடிக்கிற ஒன்றாக மாறிவிடும். வெயிலில் சில நிமிடமே போதும், கடையின் டியூப்லைட்டுக்குக் கொஞ்சம் நாளாகும். அதனால் பச்சை பாட்டில் பிராண்டு பிடித்தவர்கள் கண்ணாடி ஃப்ரிட்ஜின் முன்வரிசையில் லைட்டுக்கு நேரே நிற்பதை எடுக்காமல் பின்வரிசையிலிருந்து எடுங்கள். அதே பீர் டின்னில் இருந்தால் யோசிக்காமல் டின்னை எடுங்கள். வெளிச்சம் அறவே புகாது, காற்றும் புகாது, சீக்கிரம் குளிரும். டின் பீர் மட்டம், பாட்டில்தான் உசத்தி என்று நம் ஆட்களிடம் ஒரு நினைப்பு இருக்கிறது, அது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, உண்மை நேர் எதிர்.

கடை ஊழியர்களிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "அண்ணே, இதே பிராண்டுல கொஞ்சம் புது சரக்கு இருக்கா?" என்று கேட்டால் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். தேதியைக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். நான் அடிக்கடி போகும் கடையில் ஒருவர் இப்போது நான் உள்ளே நுழைந்ததுமே, "சார், கோதுமை பீர் நேத்துதான் பெட்டி வந்துச்சு, இன்னும் பிரிக்கல, இருங்க" என்று உள்ளே போய் எடுத்துவந்து தருகிறார். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு அதைச் செய்கிறார். இந்த மாதிரி ஒருவர் இருந்தால் அந்தக் கடைதான் உங்கள் ஏரியாவின் சிறந்த பாட்டில் ஷாப், அலமாரியில் எத்தனை பிராண்டு இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

என்ன வாங்கலாம்? நம் ஊரில் விற்பனையில் பெரும்பகுதி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் வரை ஆல்கஹால். சீக்கிரம் ஏறுவதற்காகக் குடிக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சுவைக்காக என்றால் மைல்டு பக்கம் வாருங்கள், 5 சதவீதத்துக்குள் இருப்பவை. கிராஃப்ட் வகையில் முதலில் தேட வேண்டியது கோதுமை பீர் என்றுதான் சொல்வேன், சென்னை வெயிலுக்கும் நம் சாப்பாட்டுக்கும் அதைப் போலப் பொருந்துவது வேறில்லை. பெல்ஜிய வகையில் ஹூகார்டன் எலைட் கடைகளில் அவ்வப்போது கண்ணில் படும். அதில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். இந்த வகையே ஒரு காலத்தில் செத்துப்போனது, ஹூகார்டன் கிராமத்தில் கடைசி ஆலை 1957இல் மூடிவிட்டது. பால்காரராக இருந்த பியர் செலிஸ் என்பவர் 1966 வாக்கில் அதைத் திரும்பக் காய்ச்சத் தொடங்கியதால்தான் இன்று உலகம் முழுக்கக் கிடைக்கிறது. ஒரே ஒரு ஆள் பிடிவாதமாக இருந்தால் ஒரு பானம் பிழைக்கும் என்பதை நினைத்து நான் பல முறை நெகிழ்ந்திருக்கிறேன். ஜெர்மன் வகைக் கோதுமை பீரில் தனியா கிடையாது, ஆனால் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் வரும். பழமும் சேர்க்கவில்லை, கிராம்பும் சேர்க்கவில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. முதல் தடவை குடிக்கிறவர்கள் எசென்ஸ் கலந்திருக்கிறார்கள் என்று சாதிப்பார்கள்.

இந்தியாவிலேயே பெயர் வாங்கிய சின்ன ப்ரூவரிகளின் பாட்டில்கள், கோவாவில் ஒன்று, மும்பையில் ஒன்று என்று நண்பர்கள் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அவை இங்கே வருவது அரிது. கொள்முதல் செய்வது ஒரே நிறுவனம் என்னும்போது சின்ன அளவில் காய்ச்சுகிறவர்களுக்கு உள்ளே வர வழி குறுகலாகத்தான் இருக்கும். இது மாறாத வரை எலைட் கடைக்கு என்னிடம் முழு மதிப்பெண் கிடைக்காது. பத்துக்கு ஆறு கொடுக்கலாம், கடையின் சுத்தத்துக்கும் கையில் எடுத்துப் பார்க்கும் சுதந்திரத்துக்கும்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டிலைத் திறந்து தண்ணீர் டம்ளரில் தலைகீழாகக் கவிழ்த்து, கிளிசரின் இறங்குகிறது பார் என்று காட்டுகிற வித்தை இன்னும் நடக்கிறது. இறங்குவது கிளிசரின் இல்லை. பீர் தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தியானது, அதனால் அது கீழே இறங்கும், தண்ணீர் மேலே ஏறும், நிழலாடுவதுபோல் தெரிவது இந்த இரண்டும் கலக்கும் கோடு. இப்படிச் செய்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பீரில் தண்ணீர் கலந்துகொள்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நல்ல பாட்டில் இப்படி வீணாவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

ஓட்டல் பார்களுக்கு வருகிறேன். விலையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கடையில் ஒரு 650 மில்லி பாட்டில் வாங்கும் காசுக்கு இங்கே 330 மில்லி பாட்டிலைத் தொடக்கூட முடியாது, அதன்மேல் வரி வேறு. மெனுவில் போட்டிருப்பது வரியோடா வரி இல்லாமலா என்று உட்காரும்போதே கேட்டுவிடுவது நல்லது. சனிக்கிழமை ராத்திரி போனால் பாட்டுச் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. பீருக்காகப் போகிறவர்கள் வார நாளில் சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்குப் போங்கள். ஹேப்பி ஹவர் இருக்கும், பார்டெண்டருக்கும் பேச நேரமிருக்கும்.

ஓட்டலில் பாட்டில் குடிப்பதில் எனக்கு விருப்பமில்லை, அது வீட்டிலேயே கிடைக்கிறது. அங்கே குடிக்க வேண்டியது டிராஃப்ட், அதாவது குழாயில் பிடித்துத் தரும் பீர். கெக் எனும் உலோகப் பீப்பாயில் வருவது சீக்கிரம் தீர்ந்துபோகும் இடமாக இருந்தால் சென்னையில் கிடைக்கக்கூடியதிலேயே ஃப்ரெஷ்ஷான பீர் அதுதான். ஆனால் குழாயைக் கழுவ வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது கெக்கிலிருந்து குழாய் வரை மருந்து விட்டுக் கழுவ வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வழக்கம். கழுவாத குழாயில் கிருமி படிந்து, பீரில் வெண்ணெய் வாடையும் மோர்ப் புளிப்பும் ஏறும். ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு ஓட்டலில், பெயர் வேண்டாம், எங்களுக்கு வந்த பிட்சரில் முதல் வாயிலேயே அந்த வெண்ணெய் வாடை தூக்கியது. பையனைக் கூப்பிட்டுச் சொன்னால், "டிராஃப்ட்னா இப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார். அவர் மேல் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேனேஜர் வந்து ஒரு மிடறு பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் பாட்டிலாக மாற்றிக் கொடுத்தார். ஆனால் பக்கத்து மேசைகளில் அதே பிட்சர் போய்க்கொண்டேதான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அவ்வளவு விலை கொடுத்துக் குடிக்கிறவர்களுக்கு அதுதான் பீர் என்று ஆகிவிடுகிறதே.

கெக் நல்லதா கெட்டதா என்று வாங்குவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: கிளாஸைப் பாருங்கள். பக்கத்து மேசையில் இருக்கும் கிளாஸாக இருந்தாலும் சரி. சுத்தமான கிளாஸில் குமிழிகள் அடியிலிருந்து நேராக மேலே ஏறும், உட்சுவரில் எங்கேயும் ஒட்டி நிற்காது. எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சமிருந்தால் அந்த இடத்தில் குமிழிகள் கொத்தாக அப்பிக்கொண்டு அசையாமல் நிற்கும். குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகக் கண்ணாடியில் படிந்து, எத்தனை மிடறு குடித்தீர்கள் என்று எண்ணிவிடலாம் போல இருந்தால் அந்த பாரில் கிளாஸ் கழுவத் தெரிந்தவர் இருக்கிறார். கிளாஸ் கழுவத் தெரிந்த இடத்தில் குழாயும் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். அந்த பாருக்குத் தைரியமாகத் திரும்பப் போகலாம்.

அப்புறம் இந்த ஐஸ் பிடித்த மக். ஃப்ரீசரில் வைத்து வெள்ளையாகப் பூத்துப்போன மக்கில் ஊற்றித் தருவதைப் பெரிய உபசாரமாக நினைக்கிறார்கள். சென்னையில் கூலிங்காக இருந்தால் போதும் என்கிற மனநிலை எனக்குப் புரிகிறது, வெளியே வேர்த்துக் கொட்டிவிட்டு வந்து உட்காருகிறோம். ஆனால் அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போகும், மணம் எழும்பாது, ஐஸ் உருகிப் பீர் நீர்த்துப்போகும். லாகர் 4 முதல் 7 டிகிரி, கோதுமை பீர் அதற்கு மேலே ஒரு 10 வரை, ஸ்டவுட் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தால்கூட நல்லது. சாதாரண கிளாஸ் கேளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சாதாரண கிளாஸில் ஊற்றி ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால், அதே பீரில் அதுவரை இல்லாத மணமெல்லாம் மேலே வருவதை நீங்களே பார்ப்பீர்கள். வீட்டில் குடிக்கும்போதும் பாட்டிலோடு கவிழ்த்துக்கொள்ளாமல் கிளாஸில் ஊற்றுங்கள், மூக்குக்கும் வேலை கொடுங்கள்.

சைடு டிஷ் விஷயத்தில் சென்னையை அடித்துக்கொள்ள ஆளில்லை, இதை பெங்களூரு நண்பர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நெத்திலி வறுவலும் கோதுமை பீரும் சேர்ந்தால் அதற்குமேல் ஒன்றும் வேண்டாம், மீனின் உப்பையும் மிளகாயையும் அந்த பீரின் லேசான புளிப்பு துடைத்துத் துடைத்து விடும். மிளகுக் கோழிக்கு மைல்டு லாகர். காடை வறுவலுக்கும் சுக்காவுக்கும் கொஞ்சம் கருத்த, வறுத்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சுவை உள்ள பீர் கிடைத்தால் அமர்க்களம், கிடைப்பதுதான் கஷ்டம். கடலை மசாலாவில் எலுமிச்சை தூக்கலாகக் கேளுங்கள். ஸ்ட்ராங் பீரோடு அதிகக் காரம் வேண்டாம், ஆல்கஹால் காரத்தை இன்னும் ஏற்றிவிடும், இரண்டுமே ருசி தெரியாமல் போகும்.

இனி உண்மையான கிராஃப்ட் பீர், அதாவது காய்ச்சின இடத்திலேயே குடிப்பது. அதற்கு ஊரைவிட்டுப் போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்தில் என்றால் புதுச்சேரி. ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரம். கேட்டமரான் ப்ரூயிங் கம்பெனி அங்கே தொடங்கியபோது, இந்தக் கடற்கரையோரத்தில் ஒரு ப்ரூபப் வந்துவிட்டதே என்று சென்னையில் எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். தொட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, சின்னச் சின்ன கிளாஸில் ஒவ்வொரு வகையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சுவைத்துவிட்டு, பிடித்ததைப் பெரிதாகச் சொல்லலாம். இந்த வரிசையில் சுவைப்பதுதான் சரி: வெளிர் நிறத்திலிருந்து கருப்புக்கு, லேசானதிலிருந்து கசப்புக்கு. வடிகட்டாத, சூடுபடுத்தாத கோதுமை பீர் கலங்கலாக மேசைக்கு வரும், அந்தக் கலங்கலில்தான் எல்லாமே இருக்கிறது. அதைக் குடித்துவிட்டு சென்னை வந்து பாட்டிலைத் திறக்கும்போதுதான் எவ்வளவு இழந்துகொண்டிருக்கிறோம் என்று உறைக்கும். ஆனால் அங்கிருந்து பாட்டில் வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள், தமிழ்நாட்டு எல்லையில் சோதனை உண்டு, வழக்கு நிஜமாகவே பாயும். குடித்துவிட்டு ஈ.சி.ஆரில் ஓட்டுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு, உயிர் அதைவிடப் பெரிது. ராத்திரி அங்கேயே தங்குங்கள், இல்லையென்றால் பஸ்ஸில் போய்வாருங்கள்.

பெங்களூரு என்றால் கதையே வேறு. 2010இல் இந்திராநகரில் டாய்ட் தொடங்கியது, 2012இல் ஆர்பர் வந்தது, வொய்ட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் வந்தது, அப்புறம் ஏரியாவுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. காலையில் சதாப்தியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஊர் சேர்ந்துவிடலாம். அங்கே போட்டி இருக்கிறது, அதனால் மோசமாகக் காய்ச்சினால் பக்கத்துக் கடைக்கு ஆள் போய்விடும். மாம்பழ சீசனில் மாம்பழம் போட்டுக் காய்ச்சுகிறார்கள், ராகி போட்டுப் பார்க்கிறார்கள், பாசுமதி போட்டுக் காய்ச்சுகிறார்கள். இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். நம்மிடம் கம்பு இருக்கிறது, தினை இருக்கிறது, பனங்கருப்பட்டி இருக்கிறது, பன்னீர் திராட்சை இருக்கிறது. கருப்பட்டி போட்ட ஒரு ஸ்டவுட் எப்படி இருக்கும் என்று யாரும் தமிழ்நாட்டில் காய்ச்சிக் காட்டச் சட்டத்தில் இடமில்லை. வீட்டில் காய்ச்சிப் பார்ப்பதும் குற்றம்தான், அந்த யோசனையும் வேண்டாம்.

தென்னிந்தியாவுக்கு பீர் புதிதும் இல்லை. இந்தப் பக்கத்துச் சின்ன ஆலைகள் ஐந்தை ஒன்றாக்கித்தான் 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கினார், அவற்றில் பழையது 1857இலிருந்து காய்ச்சிக்கொண்டிருந்தது. இந்தியா பேல் ஏல் என்று உலகமே கொண்டாடும் பீர், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பீப்பாயில் ஏறிவந்து இறங்கிய துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. கப்பல் பயணத்துக்காகவே கண்டுபிடித்தார்கள் என்று சொல்லப்படும் கதை அப்படியே உண்மை இல்லை, போர்ட்டர் என்ற கருப்பு பீரும் அதே கப்பல்களில்தான் வந்தது, அதுவும் நன்றாகத் தாங்கியது. ஆனால் பேல் ஏலை வாங்கிக் குடித்த ஊர் இது என்பதில் சந்தேகமில்லை. இன்றைக்கு இந்த ஊரில் புதிதாகக் காய்ச்சிய ஒரு ஐபிஏ கிடையாது. கள்ளுக்கும் 1987இலிருந்து தடை. புதிதாக இறக்கியது, புதிதாகக் காய்ச்சியது எதையும் குடிக்க முடியாது, மூடிபோட்டு லாரியில் வருவதை மட்டும் குடிக்கலாம் என்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. மதுக்கடைகளைக் குறைக்க வேண்டும் என்பவர்களின் வலி எனக்குத் தெரியும், என் குடும்பத்திலும் குடியால் அழிந்தவர்கள் உண்டு. ஆனால் 5 சதவீத பீரை ஒரு கிளாஸ் நிதானமாக ருசித்துக் குடிக்கிற இடம் வந்தால், அந்த வலியைக் கூட்டுவது அதுவாக இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இன்னும் சில. கடைகள் மதியம் 12 முதல் இரவு 10 வரை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, மே தினம் தவிர திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாது நபி அன்றும் கடை கிடையாது. மெட்ரோ இரவு 11 வரை ஓடுகிறது, நகரத்துக்குள் இருக்கும் பார் என்றால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பாருங்கள், வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சட்டம் மாற வருடங்கள் ஆகலாம். அதுவரை ஓட்டல்காரர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, காசு செலவில்லாதது. டிராஃப்ட் என்று மெனுவில் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில், குழாய்க்கு மேலே ஒரு சின்ன சிலேட்டில், இந்த கெக் நிரப்பிய தேதி, திறந்த தேதி, குழாய் கடைசியாகக் கழுவிய தேதி என்று சாக்பீஸால் மூன்று வரி எழுதிவைக்கட்டும். அப்படி எழுதிவைக்கும் முதல் பார் தாம்பரத்தில் இருந்தாலும் சரி, எண்ணூரில் இருந்தாலும் சரி, என் நண்பர் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு அங்கேதான் போவேன்.